நழுவிய ஐந்து கோடியும் கைகூடிய ஒன்பது கோடியும்: கொழும்பு நோயியல் துறையொன்றின் கொடை முயற்சி

2021 முடியும் தறுவாயில் புறக்கோட்டை வியாபாரக் குடும்பம் ஒன்று மருத்துவ பீடமொன்றின் நோயியல் துறைக்கு ஐந்து கோடி ரூபாய் தருவதாக வாக்களித்தது. அப்போது டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். இரண்டரை இலட்சம் டொலருக்கு இயந்திரத் தொகுதி ஒன்றை இறக்கலாம் என்று துறை கணக்குப் போட்டது. கோப்பு துறையிலிருந்து பீடாதிபதிக்கு, அங்கிருந்து நிதியாளருக்கு, சட்டப் பிரிவுக்கு, பிறகு ஒரு விளக்கம் கேட்டுத் திரும்பவும் துறைக்கு என்று அலைந்துகொண்டிருக்கையில் 2022 மார்ச் வந்தது. ரூபாய் சரிந்தது. மே மாதத்தில் டொலர் 360ஐ எட்டியபோது அதே ஐந்து கோடிக்கு 139,000 டொலர்கூட முழுதாகக் கிடைக்காது. விநியோகஸ்தரின் விலைமனு காலாவதியாகியிருந்தது. குடும்பம் கோபிக்கவில்லை. "இப்ப வேண்டாம் டொக்டர், நாடு ஒரு நிலைக்கு வரட்டும்" என்று மரியாதையாக விலகிக்கொண்டது.

அதே துறை 2023 நடுப்பகுதியில் மறுபடி தொடங்கியது. 2025இல் ஒன்பது கோடி ரூபாய்க்கான கொடை உறுதியாகி, இயந்திரமும் வேலை செய்யத் தொடங்கியது. இரண்டாவது முயற்சிக்கான குழுவில் கணக்காளராக இருந்தவன் என்ற வகையில் நடந்ததை எழுதிவைக்கிறேன். கொழும்பிலும் அதன் அயலிலும் அரச மருத்துவ பீடங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. அவற்றில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொடையாளரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கொழும்பில் கோடிக் கணக்கில் கொடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். அந்தக் காசை வாங்கி, பெறுமதி கெடாமல் வைத்து, சொன்ன வேலைக்கே செலவழித்து, கணக்குக் காட்டும் ஏற்பாடுதான் அரச பல்கலைக்கழகத் துறைகளிடம் இருப்பதில்லை. இரண்டாம் முறை எங்கள் உழைப்பின் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டைச் செய்வதிலேயே போனது. கொடையாளர் முன்னால் உட்கார்ந்து கேட்டதற்குச் செலவான நேரம் மிகக் கொஞ்சம்.

நோயாளி காணாத வைத்தியர்

இருதய சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காசு திரட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம். பிழைத்த பிள்ளையும் அழுது தெளிந்த தாயும் கண்முன் நிற்பார்கள். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் இருதய சிகிச்சைத் தொகுதிக்காகக் குழந்தை மருத்துவ நிபுணர்களின் கல்லூரி தொடங்கிய 'லிட்டில் ஹார்ட்ஸ்' திட்டத்தை நாடே அறியும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலான 670 கிலோமீற்றரை மக்கள் நடந்தே கடந்தார்கள். அவற்றில் முகம் இருந்தது, பாதை இருந்தது, தொலைக்காட்சிக் கமரா இருந்தது.

நோயியல் துறையிடம் இருப்பது மெழுகுக் கட்டிகளும் கண்ணாடி ஸ்லைட்களும். மார்பில் கட்டி வந்த பெண்ணுக்குச் சத்திரசிகிச்சை நிபுணரைத் தெரியும், புற்றுநோய் வைத்தியரைத் தெரியும், மருந்தேற்றும் தாதியின் பெயரும் தெரியும். பயொப்சித் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதியவரைத் தெரியாது. ஆனால் அவர் எழுதும் நாலைந்து வரியில்தான் சிகிச்சை நிற்கிறது. ஈஸ்ட்ரஜன் ஏற்பி இருந்தால் தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் மருந்து. ஹெர்-2 புரதம் மிகையாக இருந்தால் டிராஸ்டுசுமாப். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது வரை இந்த ஹெர்-2 வகை. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோய்தான். சாயமிடும் சோதனை தாமதித்தால் மருந்து தாமதிக்கும். சாயம் சரியாக ஏறாமல் ஹெர்-2 தவறிப்போனால் கிடைக்கவேண்டிய மருந்து கிடைக்காது.

துறை கேட்டது இந்த நோயெதிர்ப்புச் சாயமிடலைத் தானாகச் செய்யும் இயந்திரம், அதாவது ஆய்வுகூடத்தில் எல்லோரும் ஸ்டெய்னர் என்று சொல்லுவது. கூடவே ஸ்லைட்டைக் கணினிப் படமாக்கும் ஸ்கேனர் ஒன்று. கையால் சாயமிட்டால் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் நிறம் மாறும். துறைத்தலைவர் சிங்களவர், இருபத்தைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கும் பேராசிரியர். 2021இல் அவர் தயாரித்த கோரிக்கை நாற்பது பவர்பொயின்ட் பக்கங்கள். அதில் இயந்திரத்தின் தொழில்நுட்ப விவரம் எல்லாம் இருந்தது. அதைச் செலுத்தப்போவது யார், ஐந்தாம் வருடம் பழுதானால் என்ன செய்வது என்பவை இல்லை. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்திலும் எவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டவர் வியாபாரி.

இரண்டு அமைச்சுகளுக்கு நடுவே ஒரு வீதி

பீடத்துக்கும் போதனா வைத்தியசாலைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வீதிதான். நிர்வாகத்தில் அது பெரிய தூரம். வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழ். பீடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாகக் கல்வி அமைச்சின் கீழ். பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தியசாலை நோயாளிகளின் பயொப்சிகளுக்கு அறிக்கை எழுதுவார். நோயாளிக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை. கொடுப்பவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், ஏனென்றால் இயந்திரம் யாருடைய பொருட்பதிவேட்டில் ஏறுகிறதோ அவர்தான் அதற்குப் பராமரிப்புக் காசு ஒதுக்கவேண்டும், பழுதானால் கையொப்பமிடவேண்டும்.

முதல் முயற்சியில் இந்தக் கேள்வி கடைசியாகத்தான் எழுந்தது. ஒரு தரப்பு 'உங்கள் இடத்தில் வையுங்கள், நாங்கள் மாதிரிகளை அனுப்புகிறோம்' என்றது. மறுதரப்பு 'பயன் உங்கள் நோயாளிகளுக்கு, சாயமிடத் தேவையான வினைபொருளை நீங்கள் வாங்கித் தாருங்கள்' என்றது. இரண்டுமே நியாயம்தான். அந்த நியாயங்கள் கடிதங்களாகப் போய்வந்த மாதங்களில்தான் ரூபாய் விழுந்தது.

2023இல் எந்தக் கொடையாளரிடமும் போகுமுன் இதை முடிப்பதென்று குழு தீர்மானித்தது. ஒரு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம்: உரிமை பல்கலைக்கழகத்துக்கு, அரச வைத்தியசாலை நோயாளிகளின் மாதிரிகளுக்குக் கட்டணம் இல்லை, முதல் ஐந்து வருடப் பராமரிப்பும் வினைபொருளும் கொடைப் பணத்தில், அதன் பின் இரு தரப்பும் பங்கிடும் விகிதம் இன்னது. இந்த ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அந்தக் காலத்தில் ஒரு சதம்கூடத் திரட்டவில்லை. பேராசிரியர்கள் சிலர் பொறுமை இழந்தார்கள். என்னைக் கேட்டால், முழு முயற்சியிலும் அதிகம் சம்பாதித்துத் தந்தது அந்த ஒரு பக்கம்தான்.

புறக்கோட்டை மாடியறையில்

விலகிப்போன குடும்பத்திடமே முதலில் போனோம். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியார், மூன்று தலைமுறையாகக் கொழும்பில் கடை. முதலாளியின் தாயார் மார்பகப் புற்றுநோயில் காலமானவர். இந்தச் செய்தி எப்படித் துறைக்குத் தெரியவந்தது என்பதைக் குழு முதலில் விசாரித்தது. நோயாளர் பதிவேட்டைப் புரட்டி வசதியானவர்களைத் தேடுவது அமெரிக்காவில் சட்ட எல்லைகளுக்குள் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு நடைமுறை. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, வாட்டில் கிடக்கும் மனிதரின் வைத்தியரே அவரிடம் காசு கேட்பது அசிங்கம். சிகிச்சை அளிக்கும் வைத்தியர் தன் நோயாளியிடமோ குடும்பத்திடமோ கேட்கக்கூடாது, வைத்தியசாலைப் பதிவுகளை யாரும் இதற்காகத் திறக்கக்கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டோம். தாயாரின் கதையைச் சொன்னவர் முதலாளியேதான், 2021இல், தானாக.

கடைக்கு மேலே சின்ன அறை. பேராசிரியர் சிங்களத்தில் பேசினார், முதலாளி சிங்களத்திலேயே பதில் சொன்னார். கணக்கு வந்ததும் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, மெஷின் வாங்கிறது பெரிய வேலையில்லை. உது பழுதானா ஆர் பாக்கிறது?"

பராமரிப்பு ஒப்பந்தம் வருடத்துக்கு இயந்திர விலையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வரும் என்றேன்.

"அப்ப பத்து வருசத்திலை இன்னொரு மெஷின் காசு போகும். அதை ஏன் போன முறை ஒருத்தரும் சொல்லேல்லை?"

பேராசிரியர் அமைதியாக இருந்தார். முதலாளி அடுத்ததைக் கேட்டார்: அதை ஓட்டுகிற பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டால்? 2022க்குப் பிறகு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் எத்தனை பேர் போனார்கள் என்பதை அவர் எங்களுக்கே சொன்னார். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படிப் போனவள். புதிய நிரந்தரப் பதவி ஒன்றை உருவாக்க மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதியும் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், அது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை என்று பேராசிரியர் விளக்கினார். ஒப்பந்த அடிப்படையில் ஒருவரை வைக்கலாம், காசு இருந்தால்.

அப்படியானால் அந்தக் காசை நீங்களே தாருங்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் மகளும் துறைக்கு வந்து பார்க்கட்டும் என்று அழைத்துவிட்டுத் திரும்பினோம்.

வந்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டியில் பேராசிரியர் மாணவருக்குக் காட்டும் பெயரில்லாத ஸ்லைட் ஒன்றை வைத்தார். ஹெர்-2 மிகையாக உள்ள கலங்களின் விளிம்பு கபில நிறத்தில் வலைபோலத் தெரியும். பக்கத்தில் அதே வகைத் துண்டு, சாயம் சரியாகப் பிடிக்காதது, வெளிறிக் கிடந்தது. "இரண்டும் ஒரே ஆளா?" என்று மகள் கேட்டாள். ஆம், ஒரே கட்டி, ஒரே நாள், சாயமிட்டவர் மட்டும் வேறு என்றார் பேராசிரியர். அதற்குப் பிறகு இயந்திரம் எதற்கு என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வரிக் கணக்கு

இங்கே கொஞ்சம் வறண்ட விஷயம், ஆனால் பெரும்பாலான துறைகள் கோட்டைவிடும் இடம் இது.

வைத்தியர்கள் பொதுவாகப் பல்கலைக்கழக நிர்வாகத்திடமிருந்து தப்புவதற்காகத் தனியே ஓர் அறக்கட்டளை பதிவுசெய்ய விரும்புவார்கள். எங்கள் குழுவிலும் அந்த யோசனை பலமாக இருந்தது. காசோலை விரைவாக எழுதலாம், கேள்வி கேட்க ஆளில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையைப் பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும். அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுக்கும் தனியாள் கழிக்கக்கூடியது வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. கம்பனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 500,000 ரூபாய், எது குறைவோ அது. பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த உயர்கல்வி நிறுவனத்துக்கே நேரடியாகக் கொடுத்தால் இந்த உச்சவரம்பு இல்லை.

கம்பனி வருமான வரியின் பொது வீதம் 30. பல்கலைக்கழகத்துக்கு நாலு கோடி கொடுக்கும் குடும்பக் கம்பனிக்கு, வருமானம் போதுமானதாக இருந்தால், ஒரு கோடி இருபது இலட்சம் வரி குறையும். அதே நாலு கோடியை வைத்தியர்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை இலட்சம் குறையும். முதலாளியின் கணக்காய்வாளர் இதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்குள் காசு வந்தால் கொள்முதல் விதிகள் பொருந்தும், விலைமனு கோரவேண்டும், தாமதமாகும். ஆனால் கணக்காய்வாளர் நாயகம் வருடாவருடம் பார்ப்பார். முதலாளிக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பிடித்திருந்தது. வைத்தியர்களில் சிலருக்கு அதுவே பிடிக்கவில்லை.

ஹாஜியாரின் மறுப்பு

இரண்டாவதாகப் போனது மாணிக்க வியாபாரியான ஹாஜியார் ஒருவரிடம். ரமழானுக்கு முன்னர். செல்வத்தில் இரண்டரை வீதத்தைச் சகாத் என்ற கட்டாயத் தர்மத்துக்கு ஒதுக்குகிறவர். அந்தத் தொகை பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்பதுதான் எண்ணம். அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "எங்கட சகாத் காச மெஷினுக்குப் போட ஏலாது டொக்டர். அது ஏழைட ஹக்கு." ஏழைக்குரிய உரிமை என்று பொருள்.

குழுவில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் இருந்தும் இதை முன்கூட்டி அவரிடம் கேட்காமல் போயிருந்தார்கள். சகாத்தைப் பெறுவதற்கு உரியவர்கள் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. பணம் அவர்கள் கைக்குச் சொந்தமாகப் போய்ச் சேரவேண்டும் என்பது பல மார்க்க அறிஞரின் நிலைப்பாடு. கட்டடமும் கருவியும் அதில் அடங்காது. கிழக்கிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வரும் ஏழை நோயாளிகளின் பஸ் காசு, தங்குமிடம், அரச வைத்தியசாலையில் செய்யமுடியாத சோதனைக்கான கட்டணம் ஆகியவற்றைப் பள்ளிவாசல் குழு ஒன்றின் மூலம் அவர் கொடுக்கத் தொடங்கினார். துறை அந்தப் பணத்தைத் தொடவில்லை, நோயாளிகளின் பெயரைக் கொடுக்கவும் இல்லை. கிளினிக்கின் சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதத்தோடு அவர்களே போனார்கள்.

எங்கள் இலக்குக்கு இதில் ஒரு ரூபாயும் சேரவில்லை. அடுத்த வருடம் ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். சகாத் அல்லாத பணம், ஐம்பது இலட்சம், நிலையான தர்மமாக, எதற்கு வேண்டுமானாலும் பாவியுங்கள் என்றார். இயந்திரத்தின் பராமரிப்புக்கு என்று சொன்னதும் சிரித்தார்: "ஆருக்கும் புடிக்காதத எனக்குத் தாறீங்க."

பட்ச்காரர்கள்

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் என்றால் எல்லோரும் பெரிய எதிர்பார்ப்போடு பேசுவார்கள். நடைமுறையில் காசு வருவது 'பழைய மாணவர்' என்ற கூட்டத்திடமிருந்து அல்ல, ஒரே வருடத்தில் சேர்ந்து படித்த ஒரே பட்ச்சிடமிருந்து. ஒன்றாக உடல் அறுத்தவர்கள், ஒரே பகிடிவதையைத் தாங்கியவர்கள், இன்றைக்கும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சண்டை பிடிப்பவர்கள். சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கியர் எல்லோரும் கலந்த ஒரு பட்ச் தங்கள் ஒன்றுகூடலை ஒட்டி இங்கிலாந்தில் பதிவான தொண்டு நிறுவனம் வழியாகத் திரட்டியது. அங்குள்ள கிஃப்ட் எயிட் முறைப்படி வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை நிறுவனம் அரசிடமிருந்து மீளப்பெறலாம். திரண்டது 49,000 பவுணுக்குச் சற்று மேல். மீளப்பெற்றதோடு 61,000 தாண்டியது. ரூபாயில் இரண்டு கோடி நாற்பது இலட்சம்.

2022இன் பாடம் இங்கே உதவியது. அந்தப் பணத்தை ரூபாய்க்கு மாற்றிக் கொழும்பில் வைக்கவில்லை. விலைமனு முடிந்து, விநியோகஸ்தரின் பட்டியல் கையில் வரும்வரை பவுணாகவே அங்கே கிடந்தது.

இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை. புலம்பெயர் காசு என்றதும் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு தயக்கம் வரும். 2014இல் புலம்பெயர் தமிழ் அமைப்புகள் பல வர்த்தமானி மூலம் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன; 2015இல் சில நீக்கப்பட்டு, 2021இல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் மறுபடி நீக்கப்பட்டன. இப்படி மாறிக்கொண்டிருக்கும் பட்டியலைப் பார்த்து ஒரு பதிவாளர் பயப்படுவதை நான் குறைசொல்ல மாட்டேன். பட்ச்சின் பெயர்ப்பட்டியலை அன்றைய வர்த்தமானியோடு ஒப்பிட்டு, ஒப்பிட்ட திகதியையும் எழுதிக் கோப்பில் வைத்தோம். தமிழ்ப் பெயர்களை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். எல்லாப் பெயர்களையும் ஒப்பிட்டோம்.

வேண்டாம் என்றவை

ஸ்டெய்னரை இலவசமாகவே தருகிறோம், வினைபொருளை ஏழு வருடம் எங்களிடமே வாங்குங்கள் என்று ஒரு கம்பனி வந்தது. உலகெங்கும் ஆய்வுகூடங்கள் செய்யும் ஏற்பாடுதான், தப்பில்லை. ஆனால் அது கொடை அல்ல, கொள்முதல். கொடைப் பட்டியலில் சேர்க்க முடியாது, விலைமனுவில் கலந்துகொள்ளுங்கள் என்று பதில் போனது.

மதுபான வியாபாரத்தோடு தொடர்புடைய ஒரு குழுமம் பெரிய தொகையைக் கோடிகாட்டியது. இதில் குழு இரண்டாக உடைந்தது. காசுக்கு வாசனை இல்லை என்றார் ஒரு பேராசிரியர். மதுபானத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988இலேயே சேர்த்துவிட்டது. புகையிலை, மதுசார நிறுவனங்களின் அனுசரணை பற்றி 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகூடத்தின் சுவரில் அந்தப் பெயரா என்று இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டதோடு விவாதம் முடிந்தது. முடிந்தது என்றாலும் முதலாமவர் அதன் பிறகு கூட்டங்களுக்கு வருவது குறைந்துபோனது. அந்தத் தொகை கிடைத்திருந்தால் ஸ்கேனர் இன்றைக்கு இருந்திருக்கும் என்பதும் உண்மை.

யார் பெயர், எதன்மேல்

கொழும்பு மருத்துவக் கல்லூரியே கொடையில் எழுந்ததுதான். 1870இல் தொடங்கியது, 1875இல் முதலியார் சாம்சன் ராஜபக்ச நிலம் கொடுத்தார். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் 1879இல் மகப்பேற்று மனை திறந்தது. அது இன்றைக்கும் அந்தப் பெயரோடு பிள்ளைப்பேறு பார்க்கிறது. இரண்டாவது அதிபர் டொக்டர் கொக் என்பவரின் நினைவாக 1881இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் கின்சி வீதியில் நிற்கிறது. ஆகவே பெயர் வைப்பது வெளிநாட்டு வழக்கம், நமக்கு ஒத்துவராது என்ற பேச்சில் சாரமில்லை.

முதலாளிக்குத் தாயார் பெயர் இயந்திரத்தில் வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே ஆசை. இயந்திரத்தின் ஆயுள் எட்டுப் பத்து வருடம், பிறகு அது களஞ்சியத்துக்குப் போய் ஏலத்தில் விற்கப்படும், அம்மாவின் பெயரும் கூடவே போகும் என்று சொன்னேன். தாயார் பெயரில் ஒரு நிதியம், அதன் வருமானத்தில் ஒரு தொழில்நுட்பவியலாளர் எப்போதும் இருப்பார் என்ற யோசனையை மகள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். முதலாளிக்கு அது ஆகாசத்தில் கட்டிய வீடாகத் தெரிந்தது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லையே.

அவர் கோயில் தர்மகர்த்தா சபையில் இருப்பவர். சோழர் காலத்தில் நந்தாவிளக்குக்கு நெய் வார்க்க 96 ஆடுகளை விட்டுவைப்பார்களே, சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டில் வருமே, அதுதான் இது என்றேன். ஆடு குறையாது, நெய் வந்துகொண்டிருக்கும். திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது; அதில் வைத்தியருக்கு இவ்வளவு நெல், சத்திரசிகிச்சை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கு இவ்வளவு, நோயாளியைப் பராமரிக்கும் பெண்களுக்கு இவ்வளவு, இரவு விளக்குக்கு எண்ணெய் இவ்வளவு என்று பட்டியலே இருக்கிறது. கட்டியவன் கொடுத்தது கட்டடத்தோடு நிற்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆடு செத்தா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல ஒரு கிழமை கேட்டேன்.

ஏனென்றால் ஆடு சாகும் நாடு இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியது. அந்த வருடம் வங்கி வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி வந்தது என்று மகிழ்ந்தவர்கள், முதலின் பெறுமதி கரைந்ததைப் பார்க்கவில்லை. பழைய ஞாபகார்த்தப் பரிசு நிதியங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தால் தங்கப் பதக்கத்துக்கு வைத்த வட்டியில் இன்று அதன் பெட்டிதான் வாங்கலாம்.

கொண்டுபோன பதில் இது. நாலு கோடி மூன்று வருடத் தவணையில். வருமானம் எவ்வளவு வந்தாலும் செலவழிப்பது முதல் தொகையில் 5 வீதம் மட்டும், மிச்சம் முதலோடு சேரும். வைப்பு வட்டி 8 வீதம் என்றால் வருடத்துக்கு முப்பத்திரண்டு இலட்சம் வரும். இருபது இலட்சம் செலவாகும், பன்னிரண்டு இலட்சம் ஆட்டுமந்தைக்குத் திரும்பும். விலைவாசி வட்டியை மிஞ்சும் வருடத்தில் செலவு 3 வீதத்துக்கு இறங்கும். தொழில்நுட்பவியலாளர் பதவி ஒரு வருடத்துக்கு மேல் வெறுமையாக இருந்தால் குடும்பத்துக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்தது முதலாளி. பல்கலைக்கழகப் பேரவை இதற்குத்தான் அதிகம் முரண்டு பிடித்தது; கடைசியில் 'அறிவிக்கவேண்டும்' நின்றது, 'விளக்கம் அளிக்கவேண்டும்' வெட்டுப்பட்டது.

மும்மொழிப் பலகையில் தாயாரின் பெயர் தமிழில் பிழையாக வந்தது. இந்த நாட்டில் வசிக்கும் யாருக்கும் இது புதினமாக இருக்காது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் மகள் கண்டுபிடித்தாள்; புதுப் பலகை அடிக்கும் செலவைத் துறை ஏற்றது. அச்சுக்குப் போகுமுன் தமிழ்ப் பகுதியைக் குடும்பத்துக்குக் காட்டவேண்டும் என்று இப்போது கோப்பில் ஒரு வரி இருக்கிறது.

வந்ததும் போனதும்

இலக்கு பன்னிரண்டு கோடி. உறுதியானது ஒன்பது: குடும்பத்தின் நாலு, பட்ச்சின் இரண்டு கோடி நாற்பது இலட்சம், இரண்டாம் தலைமுறையினர் நடத்தும் ஒரு கம்பனியின் ஒன்றரைக் கோடி வாக்குறுதி, ஹாஜியாரின் ஐம்பது இலட்சம், சிறுதொகைகளாக அறுபது இலட்சம். இரண்டே இடங்களிலிருந்து பத்தில் ஏழு பங்கு. பெருங்கொடை முயற்சி எங்கே நடந்தாலும் கணக்கு இப்படித்தான் விழும். இருந்தும் துறையின் ஆட்கள் அதிகம் வியர்வை சிந்தியது அறுபது இலட்சத்தைத் தந்த இசை நிகழ்ச்சிக்கும் சீட்டிழுப்புக்கும்தான். அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாணவர்கள் பங்கெடுத்தார்கள், பத்திரிகையில் வந்தது. அவற்றைப் பெரிய தொகைக்கான வழி என்று நினைக்காதிருந்தால் சரி.

ஸ்டெய்னருக்கும் பொருத்துவதற்கும் இரண்டு கோடி அறுபது இலட்சம், ஐந்து வருடப் பராமரிப்புக்கும் வினைபொருளுக்கும் இரண்டு கோடி நாற்பது இலட்சம், நிதியத்துக்கு நாலு கோடி. ஸ்கேனர் இல்லை. அதை வாங்கி, பராமரிப்புக்கு வழியில்லாமல் துணி போட்டு மூடிவைப்பதைவிடக் கைவிடுவது நல்லது என்று குழு முடிவெடுத்தது.

கொடையாளருக்கு வருடத்தில் இரண்டு தரம் ஒரு பக்கக் கணக்கு போகிறது: எத்தனை மாதிரி, சராசரியாக எத்தனை நாளில் அறிக்கை, இயந்திரம் எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது, நிதியத்தில் எவ்வளவு. குடும்பத்துக்குத் தமிழில். இயந்திரம் நின்ற நாட்களை எழுதத் துறை முதலில் விரும்பவில்லை. முதல் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி இரண்டாவது தவணையை நாளுக்கு முன்னதாகவே அனுப்பினார். கடையில் நட்டத்தை எழுதாத கணக்கப்பிள்ளையை அவர் வைத்திருந்ததில்லை.

துறைத்தலைவர் பதவி மூன்று வருடத்துக்கு. இப்போதைய தலைவரின் காலம் முடியப்போகிறது, அடுத்து வருபவர் இந்தக் கொடையாளர்களில் ஒருவரையும் சந்தித்ததில்லை. இருவரும் சேர்ந்து ஒவ்வொருவரிடமும் ஒருமுறை போய்வர ஏற்பாடு நடக்கிறது. ஹாஜியார் நோன்பு முடிந்த பிறகு வரச்சொல்லியிருக்கிறார். கம்பனியின் கடைசித் தவணை ஐம்பது இலட்சம் நிலுவையில் இருக்கிறது. அவர்களுடைய வரி வருடம் மார்ச் 31இல் முடிவதால் பல்கலைக்கழகத்தின் பற்றுச்சீட்டு அதற்கு முந்திய திகதியில் இருக்கவேண்டும், அதற்கு நிதியாளர் பிரிவுக்கு ஜனவரியிலேயே கடிதம் போகவேண்டும்.